பன்னிரண்டரை மணித் தண்ணீர்

பதினோராயிரத்து நானூற்று ஐம்பத்து மூன்று நாட்கள். நடுவில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. மூன்றாவது ஊர்க்கூட்டம் நடந்த வியாழக்கிழமையோடு அதுதான் கணக்கு. ஜாவா கடலோரத்தில் இருக்கும் தெலுக்வாரு வானிலை நிலையத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும், ஐயா என்ற பொருளில் எல்லோரும் பாக் என்று கூப்பிடும் சர்பின் முதலில் இந்த எண்ணைத்தான் சொல்வார், அன்றன்று ஒன்றைக் கூட்டி. நோன்புப் பெருநாள் அன்றும் அளவு எடுத்திருக்கிறார். மனைவியை அடக்கம் செய்த அன்றும் எடுத்திருக்கிறார். காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஆறு. இருபத்தைந்து ஆண்டுகள் அவர் எடுத்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு ஆறு ஆண்டுகளாகப் புதுப் பொறுப்பாளர் நிங்ரும் எடுக்கிறாள்.

நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வேளாண்மை அலுவலகத்துக்குப் பின்னால் கம்பி வேலி போட்ட ஒரு துண்டு நிலம். நடுவில் நான்கு கால்களில் நிற்கும் வெள்ளை மரக்கூண்டு. அதன் சுவர்கள் சாய்வுப் பலகைகளால் ஆனவை. காற்று நுழையும், வெயில் நுழையாது. உள்ளே வெப்பமானிகள். மழைக்காலத்தில் கூண்டைச் சுற்றிப் புல் இருக்கும். மே மாதம் வந்தால் புல் கருகி, தரை புழுதியாகிவிடும்.

புழுதி பாக் சர்பினுக்கு ஆகாது. பலகைகளில் படியும், கண்ணாடிக் குழாயில் படியும், அளவு சரியாகத் தெரியாது. அதனால் வறண்ட மாதங்களில், மதிய அளவுக்கு அரை மணி நேரம் முன்னால், சரியாகப் பன்னிரண்டரைக்கு, கூண்டைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பார். இந்த ஊரில் எல்லா வீட்டு முற்றத்திலும் வெயில் நேரத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். அந்தப் பழக்கம்தான். நிலையத்தை நிங்ருமிடம் ஒப்படைத்த அன்று, சாவியோடு பச்சை ரப்பர் குழாயையும் அவள் கையில் கொடுத்தார். கொடுத்தாரே தவிர விடவில்லை. இன்றும் பன்னிரண்டேகாலுக்குச் சைக்கிளில் வந்து நின்றுவிடுவார். அவருக்கு முடியாத நாளில் அவள் ஊற்றுவாள்.

மூன்று மாதங்களாக ஊரில் ஒரே பேச்சு. உலகம் சூடாவது இயற்கையாலா, மனிதனாலா?

இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. மேற்குக் கரையில் நிலக்கரி எரிக்கும் மின் நிலையம் ஒன்று வரப்போகிறது. கரை நெடுக இறால் குளங்கள். இரண்டு வருடமாக அக்டோபர் வெயிலில் இறால்கள் சூடு தாங்காமல் செத்து மிதந்தன. இந்தக் கரியும் சேர்ந்து எரிந்தால் இன்னும் சூடாகாதா என்று குளத்துக்காரர்கள் கேட்டார்கள். பதில் சொல்லக் கம்பெனி ஒரு புவியியலாளரை அனுப்பியது. பெயர் குஞ்சோரோ. நிங்ரும் படித்த அதே பல்கலைக்கழகத்தில் அவளுக்கு நான்கு வருடம் மூத்தவன், அண்ணன் என்ற பொருளில் அவள் மாஸ் என்று கூப்பிடுகிறவன்.

முதல் கூட்டத்தில் அவன் ஊர்க்காரர்களைச் சிரிக்க வைத்துவிட்டான். இருபதாயிரம் வருடங்களுக்கு முன்னால் இந்த ஜாவா கடல் கடலே இல்லை, காய்ந்த தரை என்றான். பாக் சர்பினின் பாட்டனுக்குப் பாட்டன் இங்கிருந்து போர்னியோவுக்குக் காலில் சேறு படாமல் நடந்து போயிருப்பார் என்றான். பிறகு பனி உருகிற்று, கடல் ஏறிற்று. அப்போது யார் நிலக்கரி எரித்தார்கள்? யார் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள்? பூமிக்கு அதுவே காய்ச்சல் வரும், அதுவே இறங்கும்.

அவன் சொன்னதில் முதல் பாதி உண்மை. அதுதான் நிங்ருமுக்கு எரிச்சல். கடல் தரையாக இருந்தது உண்மை. பனி தானாக உருகியதும் உண்மை. ஆனால் அது உருகப் பத்தாயிரம் வருடம் பிடித்தது. இப்போது நடப்பது ஒரு மனித ஆயுளுக்குள். சூரியன் காரணம் என்றால் மேல் வானமும் சூடாக வேண்டும், அங்கே குளிர்ந்துகொண்டிருக்கிறது. எரிமலைகள் காரணம் என்றால், அவை எல்லாம் சேர்ந்து விடும் கரியமில வாயு மனிதன் விடுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவும் அவளுக்குத் தெரியும். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். அது கீச்சென்று கத்திற்று. நான்கு வாக்கியங்கள் சொன்னாள். நான்காவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை, அதற்குள் சிற்றுண்டிப் பெட்டிகள் வந்துவிட்டன. வீட்டுக்கு வந்து, குளியலறையில் நின்று, அந்த நான்காவது வாக்கியத்தைக் கணீரென்று சுவரிடம் சொன்னாள்.

இரண்டாவது கூட்டத்தில் குஞ்சோரோ ஒரு வரைபடத்தைத் திரையில் காட்டினான். முப்பத்தோர் ஆண்டுகளின் பகல் உச்ச வெப்பம். கோடு பாய் விரித்த மாதிரி படுத்துக்கிடந்தது.

“இது வாஷிங்டன்லேர்ந்து வந்தது இல்ல, ஜெனீவாலேர்ந்து வந்தது இல்ல,” என்றான். “உங்க பாக் சர்பின் எடுத்தது. உங்க நிங்ரும் எடுத்தது. உலகம் சூடாகுதோ இல்லியோ, தெலுக்வாரு ஆகல.”

ஊரே திரும்பிப் பாக் சர்பினைப் பார்த்தது. அவர் எழுந்து நின்று தலை குனிந்தார். கைதட்டினார்கள். நிங்ருமும் தட்ட வேண்டியிருந்தது.

அன்று மாலையே அவள் பதிவேடுகளை இறக்கினாள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்கு நேராகத் தெரிந்திருந்தது. வேறு யாராவது என்றால் ஒரு வாரம் துழாவியிருப்பார்கள். பகல் உச்சத்தை மழை மாதங்கள், வறண்ட மாதங்கள் என்று இரண்டாகப் பிரித்தாள். மழை மாதங்களில் கோடு மெல்ல ஏறியது. விடியற்காலை வெப்பம் எல்லா மாதங்களிலும் ஏறியது. வறண்ட மாதங்களின் பகல் மட்டும் படுத்துக்கிடந்தது. தண்ணீர் தெளிக்கிற மாதங்கள்.

பதிவேட்டின் கடைசிப் பத்தி குறிப்புகளுக்கானது. மேலிடத்துக்கு எண்கள் மட்டும்தான் போகும், குறிப்பு போகாது. பாக் சர்பின் அதிலும் ஒன்றும் விட்டதில்லை. அழகான சாய்ந்த கையெழுத்தில், முதல் வருடம்: தண்ணீர், நான்கு வாளி. எட்டாம் வருடம்: ஏழு வாளி, இன்று கடும் புழுதி. பதினைந்தாம் வருடம்: குழாய், பத்து நிமிடம். இருபத்திரண்டாம் வருடம்: குழாய், இருபது நிமிடம், கூண்டின் கூரையும் கழுவப்பட்டது. அதன்பின் அவளுடைய குட்டிக் கையெழுத்து: குழாய், இருபத்தைந்து நிமிடம். மூன்று ஆண்டுகளுக்கு முன்வரை அந்தப் பத்தி நிரம்பியிருந்தது. பிறகு காலி.

அவர் எதையும் மறைக்கவில்லை. தரை சீக்கிரம் காய்கிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினார். மறு வருடம் இன்னும் சீக்கிரம் காய்ந்தது.

கண்ணால் பார்த்தது போதாது, அளந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். பன்னிரண்டு நாள் சோதனை. ஒரு நாள் தண்ணீர் இல்லை, மறுநாள் உண்டு. பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துறைமுக நிலையத்தின் அளவோடு ஒவ்வொரு நாளும் ஒப்பிட வேண்டும். பாக் சர்பினிடம் சொல்ல வாய் வரவில்லை. தொட்டியின் அடியில் குழாயைத் திருகி மூடிவிட்டு, இன்று தண்ணீர் வரவில்லை பாக் என்றாள். அவர் முதல் நாள் தலையாட்டினார். மூன்றாம் நாள் பள்ளிவாசல் கிணற்றிலிருந்து சைக்கிளின் இரண்டு பக்கமும் வாளி கட்டிக் கொண்டுவந்து ஊற்றிவிட்டார். ஐந்தாம் நாளும் அப்படியே. அறுபத்தெட்டு வயதில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த இரண்டு நாட்களையும் கணக்கிலிருந்து நீக்கினாள். மிச்ச நாட்கள் சொன்னது ஒரே விடை. தண்ணீர் ஊற்றிய நாளில் கூண்டுக்குள் ஒன்று புள்ளி இரண்டு பாகை குறைவு.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது கூட்டத்துக்கு முதல் நாள் காலை, சந்தை முனைக் கடையில் கறுப்பு மாட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, குஞ்சோரோ எதிரில் வந்து உட்கார்ந்தான். கையில் ஒரு கோப்பு. கம்பெனியின் சுற்றுச்சூழல் அறிக்கையில் தெலுக்வாரு அளவுகள் பின்னிணைப்பாகப் போகின்றன, அவை சரியானவை என்று நிலையத்தின் பொறுப்பாளர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், நாளை ஊர் முன்னால் போட்டால் நன்றாக இருக்கும் என்றான். ஒரே ஒரு பக்கம். கீழே அவள் பெயர் அச்சடித்திருந்தது. பாக் சர்பினுக்கு நாளை பட்டிக் சட்டை ஒன்று பரிசு என்பதையும் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. அவனை வெறுக்க முடிந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

“காலை ஏழு மணி அளவையும் போடுங்க மாஸ்,” என்றாள் நிங்ரும். “அது ஏறுது.”

“ராத்திரிச் சூடுதானே நிங்? போர்வை மிச்சம்.”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவள் தட்டைப் பார்த்தபடி, துறைமுகத்திலும் பகல் வெப்பம் ஏறியிருப்பதைச் சொன்னாள். துறைமுகம் முழுக்கச் சிமெண்டு, லாரி, கப்பல், அங்கே ஏறாமல் என்ன செய்யும் என்றான் அவன். அதுவும் பாதி உண்மை. எப்போதும் அவனிடம் ஒரு பாதி உண்மை கைவசம் இருந்தது. மீதிப் பாதியைச் சொல்ல அவளுக்கு ஐந்து நிமிடம் தேவைப்பட்டது. யாரும் அவளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்ததில்லை.

“அப்ப என் இறால் எதுக்குச் செத்துச்சு?” என்றது பின்னால் ஒரு குரல். இபு ஜுவரியா. ஊரே இபு, அம்மா, என்று கூப்பிடும் அவள் மூன்று குளங்கள் வைத்திருப்பவள், போன அக்டோபரில் மூன்றையும் இழந்தவள். இரண்டு கூட்டத்துக்கும் வந்திருந்தாள். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டால் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள் என்று கையெழுத்து மட்டும் போடமாட்டாள், சிற்றுண்டிப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொள்வாள்.

“எல் நினோ இபு,” என்றான் குஞ்சோரோ மரியாதையாக. “அஞ்சாறு வருஷத்துக்கு ஒருக்கா பசிபிக் கடல்ல வெந்நீர் இடம் மாறும். அது ஆதி காலத்துலேர்ந்து நடக்கறது. மனுஷன் கையில இல்ல.”

“எல் நினோ இயற்கைதான்,” என்றாள் நிங்ரும். “ஆனா முன்னாடி அது தரையில நின்னுச்சு. இப்ப நாற்காலி மேல ஏறி நிக்குது. தலை கூரைய இடிக்குது.”

சொன்னது அவளுக்கே பிடித்திருந்தது. ஆனால் அவள் குரல் எதிர் மேசையைத் தாண்டவில்லை.

இபு ஜுவரியா குழம்பை வழித்துக்கொண்டே சொன்னாள். “ஒருத்தன் கேட்டா எல் நினோங்கறான். ஒருத்தி கேட்டா கார்பன்ங்கறா. ஊர்த்தலைவர் கேட்டா ஆண்டவன் சோதனைங்கறார். மூணு பேரும் படிச்சவங்க. செத்தது என் இறால். ஒருத்தராவது என் குளத்துல கால வச்சுப் பாத்தீங்களா, கொதிக்குதா இல்லியான்னு?” பிறகு நிங்ருமைப் பார்த்தாள். “நிங், நீ தினம் மூணு வேளை அளக்கறவ. சூடு ஏறியிருக்குன்னு என் தோல் சொல்லுது. உன் பதிவேடு ஏறலங்குது. என் தோல் பொய் சொல்லுதா?”

நிங்ரும் எலுமிச்சைச் சாற்றை ஒரே மூச்சில் குடித்தாள். குஞ்சோரோ அவளுடைய சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கடைக்காரரிடம் கையைக் காட்டிவிட்டு எழுந்தான். அதைத் தடுக்கக்கூட அவளுக்குச் சமயத்தில் வாய் வரவில்லை.

மதியம் பன்னிரண்டேகால். பாக் சர்பின் சைக்கிளை வேலியில் சாய்த்தார். நாளை போடப்போகும் பட்டிக் சட்டைக்கு எந்தக் கால்சட்டை சேரும் என்று கேட்டார். மகள் சுரபாயாவிலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாளாம். குழாயைப் பிரித்து, விரலால் அதன் வாயை அழுத்தி, விசிறி போலத் தண்ணீரைப் பரப்பினார். ஈர மண் வாசனை வந்தது. கூண்டின் அடியில் ஒரு குருவி வந்து சிறகை நனைத்துக்கொண்டது. அந்த இடம் மட்டும் குளிர்ச்சியாக இருந்தது. வேலிக்கு வெளியே கால் வைக்க முடியவில்லை.

“பாக்,” என்றாள். “தண்ணி ஊத்தறத நிறுத்திட்டா என்ன?”

“புழுதி?”

“துடைச்சுக்கலாம். இது… சூட்டைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டுதோன்னு எனக்கு ஒரு…”

அவர் குழாயை இறக்காமலேயே சிரித்தார். “ஒரு குழாத் தண்ணி பூமிய குளுர வச்சிருமா கண்ணு? அப்படின்னா ஊருக்கு ஒரு குழா கொடுத்தா முடிஞ்சுதே. எதுக்கு இத்தன கூட்டம் போட்டு மண்டைய ஒடச்சுக்கறாங்க?”

பூமி இல்லை பாக், இந்தக் கூண்டு, என்று சொல்ல வேண்டும். இந்தப் பத்தடி. ஒரு வாக்கியம்தான். அவள் அவருடைய கையைப் பார்த்தாள். தண்ணீரை அழுத்திப் பிடித்த கட்டைவிரல் நகம் இத்தனை வருட ஈரத்தில் வெளுத்துப் போயிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாகாணத் தலைநகரிலிருந்து வந்த பாராட்டுச் சான்றிதழ், ‘இடைவெளி இல்லாத பதிவுக்கு’ என்று தங்க எழுத்தில் போட்டது, அவர் வீட்டுக் கூடத்தில் மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அந்த வருடம்தான் மேலிடத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. உங்கள் நிலையத்தில் மட்டும் மதியம் ஒரு மணிக்குக் காற்றில் ஈரம் ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டிருந்தார்கள். கடற்காற்று என்று பதில் போயிற்று. மறுகடிதம் வரவில்லை.

“என்ன கண்ணு, மூஞ்சி வாடியிருக்கு?” என்றார். “நாளைக்கு அந்தப் பையன்கிட்ட மறுபடி வாதம் பண்ணப் போறியா? விட்டுடு. அவன் நல்லா பேசறான், நீ நல்லா அளக்கற. ரெண்டும் ஒருத்தருக்கே வராது.”

மணி ஒன்று. அவள் கூண்டைத் திறந்து அளவு எடுத்தாள். முப்பத்து மூன்று புள்ளி நான்கு. குறிப்புப் பத்தியின் மேல் பேனா ஒரு கணம் நின்றது. மூடிவிட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஊர் மண்டபம் நிரம்பியிருந்தது. நான்கு பக்கமும் திறந்த மண்டபம். மின்விசிறிகள் சுற்றியும் சட்டைகள் முதுகோடு ஒட்டின. ஆளுக்கொரு சிற்றுண்டிப் பெட்டி, உள்ளே வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிக் கொழுக்கட்டையும் ஒரு எள்ளுருண்டையும் தண்ணீர்க் கோப்பையும். பாக் சர்பினை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பழுப்பில் நீலப் பூப்போட்ட புதுச் சட்டை. கழுத்துப் பட்டனையும் போட்டிருந்தார்.

விவாதம் என்று அறிவித்திருந்தார்கள். இயற்கைக்குக் குஞ்சோரோ, மனிதனுக்கு நிங்ரும், ஆளுக்குப் பத்து நிமிடம். குஞ்சோரோவின் பத்து நிமிடம் பதினேழாக ஓடியது. பனியுகம், சூரியப் புள்ளிகள், எரிமலைகள், பசிபிக் கடல், கடைசியில் அந்தப் படுத்துக்கிடந்த கோடு. அவள் முறை வந்தபோது, நேரம் ஆகிவிட்டது, சுருக்கமாக முடித்துக்கொள்ளும்படி ஊர்த்தலைவர் கேட்டுக்கொண்டார். ஆறு நிமிடம் என்றார். அவள் மேல் வானத்தின் குளிர்ச்சியைப் பற்றி ஆரம்பித்தாள். யாரோ ஒருவர் மேல் வானம் சில்லென்று இருந்தால் நல்லதுதானே என்றார். சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் போயிற்று. பழைய காற்று அடைபட்ட பனிக்கட்டிகளைப் பற்றிச் சொன்னாள். பனியைப் பார்க்காதவர்களிடம் பனியைப் பற்றிப் பேசுகிறோம் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது.  அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஒன்றுகூட ஒட்டவில்லை.

“உலகத்துக் கதையெல்லாம் இருக்கட்டும்மா,” என்றார் ஊர்த்தலைவர், பொறுமையாகத்தான். “நம்ம ஊர்க் கணக்கு என்ன சொல்லுது? அது உன் கணக்குதானே?”

குஞ்சோரோ அந்த ஒரு பக்கத்தை மேசையில் வைத்து, பேனாவின் மூடியையும் கழற்றி வைத்தான். அளவுகள் சரியானவை. பதினோராயிரத்து நானூற்று ஐம்பத்து மூன்று நாட்கள். கீழே அவள் பெயர். படம் எடுக்கிறவர் முன்னால் வந்து மண்டியிட்டார். பாக் சர்பினையும் அவள் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார்கள். அவர் வந்து நின்றார். சட்டையில் புதுத்துணியின் கஞ்சி வாசனை.

அவள் பேனாவை எடுத்தாள்.

மூன்றாவது வரிசையில் இபு ஜுவரியா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கொழுக்கட்டையைத் தொடாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. நேற்றுக் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பது போல.

நிங்ரும் பேனாவைக் கீழே வைத்தாள். ஒலிவாங்கியை எடுக்கவில்லை.

“இந்த அளவு சரி இல்ல,” என்றாள்.

முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். ஆனால் முன்வரிசை அசையாமல் போனதும் பின்வரிசைகளும் அடங்கின. 

“உலகம் சூடாகறது இயற்கையா மனுஷனான்னு மூணு கூட்டமா கேக்கறீங்க. அதுக்கு என்னால உங்கள நம்ப வைக்க முடியல. ஆனா தெலுக்வாரு சூடாகாம இருந்ததே, அது இயற்கை இல்ல. அது மனுஷன் பண்ணது. தினம் பன்னெண்டரைக்கு, அளவு எடுக்கறதுக்கு முன்னாடி, கூண்டைச் சுத்தித் தண்ணி ஊத்தறோம். புழுதிக்காக. வெயில் ஏற ஏற அதிகமா ஊத்தினோம். அளந்து பாத்துட்டேன். ஒன்னேகால் டிகிரி கிட்ட குறையுது.” மூச்சு வாங்கினாள். “இபு, உங்க தோல் பொய் சொல்லல.”

குஞ்சோரோ காகிதத்தைப் பார்த்தான். இந்த முறை அவனிடம் பாதி உண்மைகூட இல்லை. பின்னாலிருந்து யாரோ, அப்போது முப்பத்தொரு வருடமும் தண்ணீரில் எழுதியதா என்று கேட்டார்கள். ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

பாக் சர்பின் அவள் பக்கத்தில் அப்படியே நின்றார். முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் உதடுகள் அசைந்தன. நான்கு வாளி, ஏழு வாளி, பத்து நிமிடம் என்று கணக்குப் போடுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. இருபது நிமிடத்துக்கு வந்தபோது அவர் கண்களை மூடித் திறந்தார். கழுத்துப் பட்டனைக் கழற்றினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, அவளை மறைப்பதுபோல அரை அடி முன்னால் வந்து நின்றார்.

“குழாய அவ கையில கொடுத்தது நான்,” என்றார். “ஊத்தச் சொன்னதும் நான். தப்பு என்னோடது. இந்தப் புள்ள மேல யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. அவளுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு, தெரிஞ்ச உடனே நேர்மையா வந்து சொல்லிட்டா.”

சிலர் தலையாட்டினார்கள். ஊர்த்தலைவரும் ஆட்டினார். அப்படியே விட்டிருந்தால் அது அங்கே முடிந்திருக்கும். வயதானவரின் கவனக்குறைவு, படித்த பெண்ணின் நேர்மை. குஞ்சோரோகூட மரியாதையாக அவளைப் பார்த்தான்.

அவள் பாக் சர்பினின் தோளைத் தொட்டாள். அவர் திரும்பவில்லை. அந்தப் பழுப்புத் துணியிடம்தான் அவள் பேசினாள். ஆனால் மண்டபத்தின் கடைசித் தூண் வரைக்கும் கேட்டது.

“இப்ப இல்ல பாக். மேலிடத்துலேர்ந்து ஈரத்தப் பத்திக் கேட்டு எழுதினாங்களே, உங்களுக்குச் சான்றிதழ் வந்த வருஷம். கடற்காத்துன்னு பதில் எழுதினது நான். குறிப்புல தண்ணிக் கணக்க எழுதறத நிறுத்தினதும் நான். எனக்கு மூணு வருஷமாத் தெரியும்.”